வேதெர்: காற்றாக இருந்து காலநிலையான ஒரு சுவீடியச் சொல்

சுவீடிய மொழியில் காலநிலையைக் குறிக்கும் அன்றாடச் சொல் ‘வேதெர்’. வானொலி அறிவிப்பிலும் பாடசாலைக் குறிப்பிலும் பேருந்துத் தரிப்பிடப் பேச்சிலும் அதே சொல்தான். அயல்நாடான நோர்வேயில் அது ஏறத்தாழ ‘வேர்’ என்றும், டென்மார்க்கில் ‘வெயர்’ என்றும் ஒலிக்கும். ரொறன்ரோவில் நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் ‘வெதர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இவற்றின் உடன்பிறப்பே.

எம்மவர் குடும்பங்கள் இன்று ஒரு நாட்டுக்குள் அடங்குவதில்லை. மில்லிக்கனில் ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டுச் சித்தப்பா ஒஸ்லோவிலும் மச்சாள் ஸ்ரொக்ஹோமிலும் பெரியம்மா பருத்தித்துறையிலும் இருப்பது வழமை. தொலைபேசியில் சுகம் விசாரித்த கையோடு வருவது ‘அங்கை குளிரோ, மழையோ?’ என்ற கேள்வி. போர்க்காலத்தில், பல விடயங்களைத் தவிர்த்தே பேச வேண்டியிருந்தபோது, பயமில்லாமல் பேசக் கிடைத்த பொருள்களில் இதுவும் ஒன்று. அந்தக் கேள்வி இன்றும் தொடர்கிறது. ஆனால் அதற்குப் பிள்ளைகள் பதில் சொல்லும் சொற்கள் நாட்டுக்கு நாடு வேறாகிவிட்டன. ‘வேதெர்’ என்ற சொல்லின் பொருளையும் பிறப்பையும் விளக்குவதோடு, எங்கள் சொந்தக் காற்றுப் பெயர்களுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

ஒரே குடும்பத்துச் சொற்கள்

சுவீடிய உச்சரிப்பில் நடு எழுத்து நாக்கு பல்லைத் தொட்டு ஒலிப்பது. ஆகவே தமிழில் தகரம் இட்டு எழுதுவதே பொருத்தம். ‘வேடர்’ என்று எழுதினால் ஒலியும் பிசகும், காட்டில் வேட்டையாடுவோர் என்ற பொருளும் வந்து சேரும்.

வட ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல்லின் உறவினர் பலர். ஜேர்மன் மொழியில் ‘வெற்றர்’, டச்சு மொழியில் ‘வேயர்’, ஐஸ்லாந்து மொழியில் ‘வெதுர்’. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் நடுவில் வல்லின டகரம் போன்ற ஒலி இருந்தது. பிற்காலத்தில்தான் அது மென்மையாகி இன்றைய ‘வெதர்’ ஆயிற்று. தந்தையைக் குறிக்கும் ‘ஃபாதர்’, தாயைக் குறிக்கும் ‘மதர்’ ஆகிய ஆங்கிலச் சொற்களிலும் இதே மாற்றம் நடந்தது. இப்படி ஓர் ஒலி பல சொற்களில் ஒரே விதமாக மாறுவதை வைத்துத்தான் சொல்லாய்வாளர்கள் உறவைத் தீர்மானிக்கிறார்கள். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது மட்டும் போதாது.

இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ‘வீசு’, ‘ஊது’ என்ற பொருள் தரும் ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் என்பது சொல்லாய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. காற்றைக் குறிக்கும் ஆங்கில ‘விண்ட்’, இலத்தீன் ‘வென்துஸ்’, ரஷ்ய ‘வேத்தர்’ ஆகியவையும் அதே வேரில் முளைத்தவை. அதாவது ‘வேதெர்’ என்பதன் முதற்பொருள் மழையோ வெயிலோ அல்ல, வீசும் காற்று. காற்று மாறினால் வானம் மாறும் என்று கண்ட மக்கள், காற்றின் பெயரையே நாளின் நிலைக்கும் வைத்தார்கள்.

அதே வேர் இன்னொரு திசையிலும் கிளைவிட்டது. வடமொழியில் ‘வா’ என்றால் வீசுதல். அதிலிருந்து வந்தவை வாயுவும் வாதமும். இவை இரண்டும் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்து எங்கள் வீட்டுச் சொற்களாகிவிட்டன. அப்பம்மாவின் முழங்காலைப் பிடித்த வாதமும், பருப்புக்கறி சாப்பிட்ட பிறகு வயிற்றில் எழும் வாய்வும், சுவீடன் வானொலி சொல்லும் ‘வேதெர்’ என்பதும் மிகப் பழைய ஒரு வேரின் தூரத்துச் சந்ததிகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எங்கள் மொழியில் வடக்குக் காற்றுக்கு வாடை என்ற பெயர் இருப்பதால், ‘வாடைதான் வேதெர் ஆயிற்று’ என்று சொல்லிவிட ஆசை வரும். அது சரியல்ல. வாடை என்பது ‘வட’ என்ற திசைச் சொல்லிலிருந்து வந்தது; வடக்கு, வடம், வாடை எல்லாம் ஒன்று சேர்த்துப் பார்ப்பதற்கு முன் ‘வடக்கு’ ஒன்றே அதன் பிறப்பைச் சொல்லப் போதுமானது. வேதெர் வந்தது வீசுதல் என்ற வினையிலிருந்து. நோர்வேயின் ‘வேர்’ தமிழ் வேரைப் போலக் கேட்பதும் தற்செயல்தான். உலகச் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்து போனவை என்று நிறுவினால்தான் தமிழுக்குப் பெருமை என்றில்லை. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய் உண்மையை அறியும்போது, நாங்கள் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள்.

பழைய பொருள் ஒளிந்திருக்கும் இடங்கள்

இன்றைய சுவீடிய மொழியில் காற்றுக்கு ‘வின்ட்’ என்ற தனிச்சொல் உண்டு. ஆனாலும் ‘வேதெர்’ ஒரு காலத்தில் காற்றாக இருந்ததற்கான தடயங்கள் அன்றாடப் பேச்சில் அப்படியே கிடக்கின்றன.

காற்றாலைக்குச் சுவீடிய மொழியில் ‘வேதெர்க்வார்ன்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘காலநிலை ஆலை’ என்று வரும். உண்மையில் அது காற்று அரைக்கும் ஆலை. திசைக்கு ‘வேதெர்ஸ்த்ரெக்’ என்பர். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத் திசையைச் சொன்ன காலத்தின் மிச்சம் அது. அறையின் சன்னலைத் திறந்து காற்றாட விடுவதற்கு ‘வேத்ரா’ என்பது வினை. நாய் மூக்கை உயர்த்திக் காற்றில் மணம் பிடிப்பதற்கும் அதே வினைதான். வயிறு ஊதிக் காற்று அடைபட்டிருப்பவரைக் குறிக்கும் சொல்லிலும் ‘வேதெர்’ உண்டு. நாங்கள் ‘வாய்வு பிடிச்சிட்டுது’ என்கிற இடத்தில் அவர்களும் காற்றைத்தான் குற்றஞ்சாட்டுகிறார்கள். கால் மேலே தலை கீழே விழுந்தவனின் கால்கள் ‘வேதெரில்’, அதாவது ஆகாயத்தில், இருப்பதாகச் சொல்வார்கள்.

டேனிஷ் மொழியில் இது இன்னும் ஆழமானது. மூச்சு வாங்குதல் என்பதை அவர்கள் ‘வெயரை இழுத்தல்’ என்றே சொல்கிறார்கள். வெளியில் வீசுவதும் நெஞ்சுக்குள் போய்வருவதும் அவர்களுக்கு ஒரே சொல். டென்மார்க்கில் மருத்துவரிடம் போன எங்கள் முதியவர்கள் பலர், ‘வெயரை இழுங்கள்’ என்று கேட்டபோது காலநிலைக்கும் என் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று திகைத்திருக்கக்கூடும்.

புயலுக்குச் சுவீடியர் வைத்திருக்கும் பொதுச்சொல் ‘ஊவேதெர்’. முன்னால் உள்ள ‘ஊ’ எதிர்மறை. ‘அல்லாத காலநிலை’ என்று அதற்குப் பொருள். சுழன்றடிக்கும் பனிப்புயலுக்கு ‘யூர்வேதெர்’. 1850 ஜனவரி 29, செவ்வாய்க்கிழமை, சுவீடனில் வீசிய அப்படி ஒரு புயலில் வழியில் அகப்பட்டு ஏறத்தாழ நூறு பேர் உறைந்து இறந்தார்கள். அந்த நாளை அவர்கள் ‘பனிப்புயல் செவ்வாய்’ என்ற பெயரால் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

நோர்வேயிலும் சுவீடனிலும் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இன்னொரு வாசகம் நன்றாகத் தெரியும். கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்பது அங்கத்தைய பழமொழி. உடுப்புக்கான சுவீடியச் சொல் ‘க்லேதெர்’. வேதெர், க்லேதெர் என்று எதுகை விழுவதால் பிள்ளைகளின் வாயில் அது இலகுவில் ஏறிவிடுகிறது. மழைக்கோட்டும் சப்பாத்தும் சரியில்லை என்று பாலர் பாடசாலை குறிப்பு எழுதி அனுப்பிய பிறகுதான் எங்கள் பெற்றோர் பலர் அந்தப் பழமொழியின் முழுப்பொருளை விளங்கிக்கொண்டார்கள்.

காற்று, வானம், காலம்

உலக மொழிகள் காலநிலைக்குப் பெயர் வைத்த வழிகளில் மூன்றை எங்களைச் சுற்றியே காணலாம்.

முதலாவது, காற்றால் பெயர் வைப்பது. வேதெரும் வெதரும் அப்படியானவை.

இரண்டாவது, காலத்தால் பெயர் வைப்பது. கனடாவின் மற்ற ஆட்சிமொழியான பிரெஞ்சில் ‘தான்’ என்று ஒலிக்கும் சொல் நேரத்தையும் குறிக்கும், காலநிலையையும் குறிக்கும். ஹிந்தியின் ‘மௌசம்’ அரபு மொழியில் பருவத்தைக் குறித்த சொல். அதே அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் ‘மொன்சூன்’ ஆயிற்று. சிங்களத்தில் காலநிலைக்குக் ‘காலகுணய’. இலங்கைத் தமிழர் பேச்சில் நிலைத்துவிட்ட ‘காலநிலை’யும் இந்த வகையே.

மூன்றாவது, வானத்தால் பெயர் வைப்பது. தமிழ்நாட்டில் ‘வானிலை’ என்பார்கள். சென்னையில் இருப்பது வானிலை ஆய்வு மையம். பாடநூல்களில் இன்று அன்றாட நிலைக்கு வானிலை என்றும், நீண்டகாலச் சராசரிக்குக் காலநிலை என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டுக்குமே காலநிலைதான் புழங்கியது.

இதில் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. இலங்கையில் காலநிலையை அறிவிக்கும் அரச அமைப்பின் தமிழ்ப்பெயர் வளிமண்டலவியல் திணைக்களம். அதற்குள் ‘வளி’ இருக்கிறது. வளி தமிழின் சொந்தச் சொல். புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கடலில் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவர்களின் வழிவந்தவன் என்று கரிகாலனைக் குறிப்பிடும் இடத்தில் வரும் சொல் அதுதான். திருக்குறளின் மருந்து அதிகாரமும் உடலைத் தாக்கும் மூன்றில் வளியை முதலாவதாக எண்ணுகிறது. வெளியில் வீசுவது, உடலுக்குள் ஓடுவது ஆகிய இரண்டையும் குறித்த வகையில் தமிழ் ‘வளி’யும் டேனிஷ் ‘வெயரும்’ ஒரே வழியில் நடந்திருக்கின்றன. உறவு இல்லாத இரண்டு மொழிகள் ஒரே அனுபவத்திலிருந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

சன்னலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆங்கில ‘விண்டோ’, பழைய நோர்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்தில் சன்னலுக்கு வரும் பெயர் காலதர். அதில் ‘கால்’ என்றால் காற்று, ‘அதர்’ என்றால் வழி. அவர்களுக்குக் கண், எங்களுக்கு வழி.

எங்கள் நான்கு காற்றுகள்

சங்க காலத் தமிழில் நான்கு திசைக் காற்றுகளுக்கும் பெயர் இருந்தது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய ஒரு நூலின் பெயரே நெடுநல்வாடை.

ஈழத்தின் வடக்கு, கிழக்குக் கரைகளில் இவற்றில் இரண்டு அப்படியே நின்றன, இரண்டு மாறின. வாடையும் கொண்டலும் நின்றன. தெற்குக் காற்று சோளகம் ஆயிற்று. சோழகம் என்று எழுதுவோரும் உண்டு. மேற்குக் காற்று கச்சான் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றே பெயர் என்பதால், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிவரும். இடைத்திசைகளுக்குப் பெயர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். வடகிழக்கிலிருந்து வந்தால் வாடைக்கொண்டல், வடமேற்கு என்றால் வாடைக்கச்சான், தென்மேற்கு என்றால் சோளகக்கச்சான், தென்கிழக்கு என்றால் சோளகக்கொண்டல். நான்கு சொற்களால் எட்டுத் திசை.

இந்தப் பெயர்கள் வெறும் திசைகாட்டிகளாக இருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பருவம். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம். யாழ்ப்பாணத்தில் அது மழை தராது. புழுதியைக் கிளப்பும், கிணற்று நீரை இறக்கும், ஆடி ஆவணியில் பனம்பழத்தை விழுத்தும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குப் பருவக்காற்றான வாடை. மாரி மழையும் அதன் பின் மார்கழிப் பனியும் அதனோடு வரும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியும் இந்தக் காற்றின் கொடைதான்.

மட்டக்களப்பில் கச்சானுக்குத் தனிக் குணம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மத்திய மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று வறண்டு சூடாகிவிடும். அந்த அனல் கிழக்குக் கரையின் கடற்காற்றையும் தள்ளிவிட்டு வீசும். இப்படி மலை தாண்டி இறங்கும் சூடான காற்றை அல்ப்ஸ் மலைப்பகுதியில் ‘ஃபேன்’ என்பர். உலகளாவிய வானிலைக் கலைச்சொல் தொகுப்புகளில் அந்த வகைக்கு எடுத்துக்காட்டாகக் ‘கச்சான்’ என்ற பெயர் இடம்பெற்றிருக்கிறது. மட்டக்களப்பு மக்களின் வாய்ச்சொல் அறிவியல் நூலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

காற்றை அறிந்தவனே பிழைத்தான்

சுவீடியர் காற்றின் பெயரைக் காலநிலைக்கு வைத்ததற்கும், எங்களவர் காற்றின் பெயரைப் பருவத்துக்கு வைத்ததற்கும் காரணம் ஒன்றே. பாய்விரித்துக் கடலில் போனவனுக்குக் காற்றுத்தான் முதற்செய்தி. வடகரைப் பாய்க்கப்பல்கள் சோளகத்தைப் பிடித்து வங்காள விரிகுடாவில் வடக்கே ஏறின. வாடை தொடங்கியதும் திரும்பின. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் ஓர் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய கப்பலைக் கட்டியவர்களுக்கு வானிலை அறிக்கை காகிதத்தில் வரவில்லை.

மீன்பிடியிலும் இதே கதை. ஒரு கரையில் காற்றுக் கடுமையானால், மறு கரையில் கடல் அமைதியாகும். ஆகவே பருவத்துக்குப் பருவம் தொழிலாளர் கரை மாறி வாடி அமைத்தார்கள். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் நெடுந்தீவில் அப்படி வந்து வாடியமைத்த மீனவரைச் சுற்றி நகர்வது. 1973இல் நூலாக வந்த அது, 1978இல் திரைப்படமாகியது. அந்தப் பெயரைக் கேட்ட உடனேயே அன்றைய வாசகருக்கு எந்த மாதம், எந்தக் கடல் என்பது விளங்கிவிட்டது. இன்று எங்கள் பேரப்பிள்ளைக்கு அதை விளக்க ஒரு பந்தி தேவைப்படும்.

சுவீடியரின் பனிப்புயல் செவ்வாயைப் போல எங்களுக்கும் மறக்காத நாட்கள் உண்டு. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்து, மன்னாரையும் வடக்கையும் தாக்கியது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் புயல் என்று சொல்வதை நாங்கள் சூறாவளி என்போம். அந்தச் சொல்லுக்குள்ளும் வளி இருக்கிறது.

செல்சியஸ் எண்ணும் மில்லிக்கன் காற்றும்

மில்லிக்கன், ஸ்காபரோவும் மார்க்கமும் சந்திக்கும் ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய பகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு குடியேறிய நோர்மன் மில்லிக்கனின் பெயரால் அழைக்கப்படுகிறது. கனடாவின் வானிலைச் சேவையின் தலைமையகமும் இதே ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே, மேற்குப் பக்கமாக டஃபரின் வீதியில்தான் இருக்கிறது.

இங்கே காலநிலை என்றால் முதலில் ஓர் எண். அந்த எண்ணும் சுவீடனிலிருந்து வந்ததே. உப்சாலா நகரத்து வானியலாளர் அந்தேர்ஸ் செல்சியஸ் 1742இல் தன் வெப்ப அளவுகோலை முன்வைத்தார். அவர் நீர் கொதிக்கும் நிலையைப் பூச்சியமாகவும், உறையும் நிலையை 100 ஆகவும் வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்குள் அது தலைகீழாக்கப்பட்டது. கனடாவில் 1975 ஏப்ரல் 1 முதல் வானிலை அறிக்கைகள் செல்சியஸுக்கு மாறின. 1980களில் எம்மவர் பெருந்தொகையாக வந்திறங்கியபோது, இந்த நாட்டவரில் பலரே அந்த எண்ணுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எண் மட்டும் போதவில்லை. வெளியே மறை 10 பாகை என்று தொலைபேசி காட்டும். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றால் அது பொய் என்று காது சொல்லும். ஆகவே கனடா காற்றுக் குளிர் என்ற இன்னோர் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. இன்று பயன்படும் கணக்கு 2001இல் நடைமுறைக்கு வந்தது. மறை 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், உடல் உணர்வது மறை 20. காற்றுக் குளிர் மறை 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகும் ஆபத்து உண்டு. எண்ணாகச் சுருங்கிய காலநிலைக்குள் காற்று மீண்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. வேதெர் என்ற சொல் தொடக்கத்தில் சொன்னதும் இதைத்தான்.

சொல்லும் குடிபெயரும்

‘வாடையும் சோளகமும் ஊருக்குரியவை. இங்கே அவற்றுக்கு என்ன வேலை?’ என்று கேட்போர் உண்டு. அதற்கு எங்கள் வாயிலேயே பதில் இருக்கிறது. ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் படிவது, தலைக்குத் துவாய் கட்டிக்கொண்டு தப்புவது. இங்கே வந்த சில ஆண்டுகளில் அதே சொல் வாசலில் குவிந்து, சவலால் அள்ளி எறிய வேண்டிய பொருளைக் குறிக்கத் தொடங்கியது. எந்தப் புலவரும் கூடி முடிவெடுக்கவில்லை. 2013 டிசெம்பர் 21, 22இல் பெய்த உறைமழையால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தபோது, ‘உறைமழை’ என்ற சொல்லும் தேவைக்காகப் பரவியது. தேவை இருந்தால் சொல் குடிபெயரும்.

காற்றுப் பெயர்களுக்கு இந்த வசதி இன்னும் அதிகம். அவை திசையின் பெயர்கள். திசை எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்டீல்ஸ் வீதியும் மக்கோவன் வீதியும் சந்திக்கும் இடத்தில் பிள்ளையோடு நின்று பாருங்கள். மார்க்கம் பக்கமிருந்து முகத்தில் அறைவது வாடை. வாவியும் ஸ்காபரோவும் இருக்கும் பக்கமிருந்து வருவது சோளகம். பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கமிருந்து வருவது கொண்டல். நோர்த் யோர்க் பக்கமிருந்து வருவது கச்சான்.

குணமும் ஓரளவு பொருந்தி வருகிறது. தைமாதத்தில் எலும்புவரை குத்தும் குளிர் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, அதாவது வாடைக்கச்சானாக, வருவது. கோடையில் வியர்த்துக் கொட்டவைக்கும் புழுக்கம் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக்கச்சான். கொண்டல் என்ற சொல் ‘கொள்’ என்பதிலிருந்து வந்தது. நீரைக் கொண்ட முகிலுக்கும் அதே பெயர். ரொறன்ரோவில் பெரும் பனிப்பொழிவுக்கு முன் ஒன்ராறியோ வாவியின் மேலாகக் கிழக்குக் காற்று எழுவது வழமை. ஊரில் வங்காள விரிகுடாவிலிருந்து மழையைக் கொண்டுவந்த அதே பெயர், இங்கே பனியைக் கொண்டுவரும் காற்றுக்கும் பிழையின்றிப் பொருந்துகிறது.

சுவீடியருக்கு வேதெர் தன் பழைய பொருளை இழந்தாலும், காற்றாலையின் பெயரிலும் திசையின் பெயரிலும் அது பத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த மொழியை அந்த மண்ணில் எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் நிலை அதுவல்ல. மில்லிக்கனிலும் ஒஸ்லோவிலும் ஒரு சொல் வீட்டுக்குள் சொல்லப்படாவிட்டால், அதைக் காப்பாற்ற வெளியே கடைப்பலகையோ அரச அறிவிப்போ இல்லை. சோளகம் என்ற சொல்லைத் தொழிலால் அறிந்த தலைமுறை இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறது. அவர்களில் பலர் குளிர்காலம் முழுவதும் சன்னலுக்குப் பின்னால் இருந்து வெளியே பார்க்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று அவர்களிடம் கேட்க இங்கே ஆளில்லை.

கேட்பது கடினமான வேலை அல்ல. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான்கு திசையோடு நான்கு காற்றையும் எழுதிப் படிக்கவைக்கலாம். பிள்ளையின் தொலைபேசியில் காற்றின் திசையைக் காட்டும் அம்பு இருக்கிறது. அதைப் பார்த்து இன்றைக்கு வாடையா கச்சானா என்று சொல்லச் சொல்லலாம். ஒஸ்லோவில் இருக்கும் மச்சானும் ஸ்ரொக்ஹோமில் இருக்கும் மச்சாளும் அடுத்த முறை ‘அங்கை குளிரோ?’ என்று கேட்கும்போது, எண்ணைச் சொல்லிவிட்டு ‘இண்டைக்கு வாடை’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருத்தித்துறையில் இருக்கும் பெரியம்மாவுக்கு எண்ணைவிட அந்தச் சொல் அதிகம் விளங்கும்.